அக்கரை மாலுமியின் சட்டை

சேந்தன்பட்டினத்துத் துறைமுகத்தை ஒட்டி, உப்பு ஏற்றுமதி நின்றுபோன பிறகு வௌவால்களுக்கு வீடாகிக் கிடந்த கிடங்கொன்றைச் சுண்ணாம்படித்து, வாசலில் ஒரு பீரங்கியை நிறுத்தி, வட்டாரப் போர் வரலாற்று அருங்காட்சியகம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். அதன் மூன்றாம் கூடத்தில், கண்ணாடிப் பேழைக்குள் தொங்கிக்கொண்டிருந்த எதிரி நாட்டு மாலுமி ஒருவனின் நீலச் சட்டை, ஐப்பசி அடைமழை பிடித்த வாரத்தில், ஒரு திங்கட்கிழமைக் காலையில், மூச்சு விடத் தொடங்கியது.

அதை முதலில் கண்டவள் பிரகாசியம்மாள். பேழைகளின் கண்ணாடியை அன்றாடம் துடைப்பது அவள் வேலை. ஈரத்துணியால் துடைத்தாள், பழைய செய்தித்தாளைக் கசக்கித் துடைத்தாள், சட்டையின் கழுத்துக்கு நேரே ஒரு தட்டளவுக்குப் படிந்திருந்த ஆவி போகவில்லை. அது உட்புறம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லச் சுருங்கி, காசளவாகி, மறைந்து, மறுபடி தட்டளவுக்கு விரிந்தது. உறங்குகிறவனின் முகத்தருகே கண்ணாடியைப் பிடித்தால் எப்படியோ அப்படி.

துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு, காப்பாட்சியர் நடனசிகாமணியின் அறைக்குப் போனாள். கடற்படையில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர் அவர். மீசையை மட்டும் இன்னும் பணியில் வைத்திருந்தார்.

“ஐயா, மூணாவது கூடத்துல அக்கரைக்காரன் மூச்சு விடுதான்.”

“கூரை ஒழுகுதா பாரும்மா.”

“கூரை ஒழுகல. அவன்தான் விடுதான்.”

அவர் எழுந்து வந்து பார்த்தார். தம் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தும் பார்த்தார். யாரும் தொடாதபோதே, “அனுமதி இல்லாம யாரும் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டு, தேநீர் ஆறிவிடும் என்று அறைக்குத் திரும்பினார்.

அந்தப் போரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். நமக்கும் கடலுக்கு அக்கரையில் இருந்த நாட்டுக்கும் நடுவில், கடற்காகங்கள் முட்டையிடும் பாறை ஒன்று இருந்தது; அது யாருடையது என்ற கேள்வி, அதில் ஒருபோதும் கால்வைத்திராத பெரியவர்களின் உறக்கத்தைக் கெடுத்தது; அதனால் ஒரு மழைக்காலம் முழுவதும் இரு கரைப் பிள்ளைகளும் இரும்புக் கப்பல்களில் ஏறிப்போய் ஒருவரையொருவர் மூழ்கடித்தார்கள். பிறகு இரு தரப்பும் வென்றதாக அறிவித்துக்கொண்டன. பாறை இப்போது யாருடையது என்று கடற்காகங்களுக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

பிரகாசியம்மாளின் ஒரே மகன் ரெமிஜியுஸ் அந்த மழைக்காலத்தில் போனவன். உடல் வரவில்லை. வீட்டில் மடித்து வைத்துவிட்டுப் போன வெள்ளைச் சீருடையை அரசாங்கம் கேட்டு வாங்கிக்கொண்டு போய், மூன்றாம் கூடத்திலேயே, அக்கரைச் சட்டைக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டியது. கருணை அடிப்படையில் தாய்க்குக் கண்ணாடி துடைக்கும் வேலையைத் தந்தது.

சேந்தன்பட்டினத்து மீனவர் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் காணாமற்போனவனின் வீட்டுக் கதவைச் சாத்துவார்கள், ஆனால் தாழிடமாட்டார்கள். புயலடித்தாலும் தாழிடமாட்டார்கள். உடலோ, உடலில் கிடந்த துணியோ கடலிலிருந்து திரும்ப வேண்டும். வீட்டில் விட்டுப்போனது கணக்கில் சேராது. வந்த அன்று அந்த வீட்டுப் பெண் கதவைச் சாத்தித் தாழைப் போடுவாள். அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரு எழுந்து வரும். அதற்குப் பிறகே அழுகை, அதற்குப் பிறகே கோயிலில் துக்க மணி. தாழிடாத வீட்டில் அழுதால் திரும்பி வருகிறவனுக்கு வழி தவறிவிடும் என்பார்கள். ஆகவே மகன் போய்ப் பல ஆண்டுகளாகியும் பிரகாசியம்மாள் அழவில்லை. அழுகை அவளுக்குள், உப்பளத்தில் தேங்கிய நீரைப்போல, வற்றாமலும் ஓடாமலும் நின்றது.

சட்டை மூச்சு விடும் செய்தி முதலில் மீன்சந்தைக்குப் போனது, அங்கிருந்து ஊருக்குப் போனது. ஊர் அதைக் கண்டு திடுக்கிடவில்லை. புதிதாக ஒரு பேருந்து நிறுத்தம் வந்தால் எப்படி அதைப் பழகிக்கொள்ளுமோ அப்படிப் பழகிக்கொண்டது. கடலுக்குப் போகிறவர்கள் விடியலில் வந்து, மூச்சு நிதானமாக இருந்தால் போவதும், வேகமாக இருந்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்புவதுமாக இருந்தார்கள். கருவுற்ற பெண்கள் வந்து அந்த மூச்சோடு தங்கள் மூச்சை ஒப்பிட்டு நின்றார்கள். இளைப்பு நோய்க்காரர்கள் மருந்துக் குப்பிகளைப் பேழையின் காலடியில் ஒருநாள் வைத்து எடுத்துப் போனார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள் சிலர், எலுமிச்சம்பழம் வைத்தார்கள் சிலர், தர்காவிலிருந்து சர்க்கரை கொண்டுவந்து எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தார்கள் சிலர். வாசற்பீரங்கியின் நிழலில் சுக்குக்காப்பிக் கடையும் கடலைக் கடையும் முளைத்தன. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்த ஆசிரியை, “எதிரி மூச்சை அடக்குறான் பாருங்க, பயத்துல” என்றபோது, “டீச்சர், தூங்குறான் டீச்சர், சத்தம் போடாதீங்க” என்று ஒரு சிறுமி அவரை அதட்டினாள்.

வந்தவர்கள் எல்லோரும் அக்கரைச் சட்டையைப் பார்க்க எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அந்தச் சுவரில் இருந்தது ரெமிஜியுஸின் பேழை. மாலைதோறும் அதன் கண்ணாடியிலிருந்து ஊராரின் தலையெண்ணெய்க் கறையைத் துடைக்கும்போது, பிரகாசியம்மாள் உள்ளே பார்ப்பாள். வெள்ளைச் சீருடை உலர்ந்து கிடக்கும். ஒரு பொட்டு ஆவி இல்லை.

“ஏலே ரெமி, அவனுக்கு இருக்க மூச்சு உனக்கு இல்லையா?” என்று கேட்பாள். “தாயா நிக்கேன் இங்க. அவனுக்கு இங்க யாரு இருக்கா?”

மற்றவன் பிள்ளை பிழைத்திருப்பதைக் கண்டு தன் பிள்ளைக்காக நோகிற நெஞ்சை நாம் எளிதில் பழித்துவிடக் கூடாது. ஆனால் அந்த நோவு பாலைப்போன்றது. ஓரளவுக்கு மேல் வைத்திருந்தால் திரிந்துவிடும். பிரகாசியம்மாளிடம் அது திரிந்தது.

தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது: ஈரம் துணியை அரித்துவிடும், போர்ச்சின்னம் கெட்டுவிடும், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பேழைக்குள் வைக்கவும். நடனசிகாமணி பொட்டலப் பெட்டியை அவளிடம் தந்து, “ரெண்டு மூணு வச்சாப் போதும்” என்றார். அவள் பெட்டி முழுவதையும் வைத்தாள். சட்டையின் கைகளுக்குள் திணித்தாள், பைகளுக்குள் திணித்தாள், கழுத்தைச் சுற்றி மாலைபோல் அடுக்கினாள். பேழையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை கண்ணாடி தெளிவாக இருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. துடைக்கத் துணியை எடுத்தபோதுதான் கீழ்மூலையில் அதைக் கண்டாள்: சுண்டுவிரல் நுனியளவு ஆவி, வந்து, போய், வந்து, உடனே போய், கொஞ்சம் நின்று, மறுபடி அவசரமாக வந்தது. அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். ரெமிஜியுஸ் கைக்குழந்தையாக இருந்தபோது மழைக்காலந்தோறும் நெஞ்சில் சளி கட்டி இப்படித்தான் இழுப்பான்; தோளில் நிமிர்த்திச் சாத்திக்கொண்டு, விடியும் வரை நடந்தபடி, அவன் இழுக்கும் ஒவ்வொரு மூச்சையும் சேர்ந்து இழுத்தவள் அவள்.

வாளி கவிழ்ந்தது. சாவியைப் போட்டுத் திறந்து, இரு கைகளாலும் பொட்டலங்களை வாரி வெளியே வீசினாள். “இழு, நல்லா இழு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லய்யா” என்று, யாரிடம் சொல்கிறோம் என்று அறியாமலே சொன்னாள். கடைசிப் பொட்டலத்தை எடுக்கும்போது கழுத்துப்பட்டை மறுபுறம் மடிந்தது. உட்புறம் கிழிசல் ஒன்றைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். நீலத் துணிக்குச் சிவப்பு நூல், தையலும் நேரில்லை, நூல் விட்டுப்போய்விடக் கூடாதென்று முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டிருந்தது. கண் மங்கியவள் ஒருத்தியின் கைவேலை. விடுப்பில் வந்த பிள்ளை கிளம்பும் அவசரத்தில் நிற்க, “இரு, இந்த ஒரு முடிச்சு” என்று சொன்னவளின் கைவேலை.

பிரகாசியம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த அக்கரைக்காரனின் உடல் கரை ஒதுங்கியபோது குழி தோண்டியவர்கள் அவள் தெருக்காரர்கள்தாம். சட்டையை மட்டும் கடற்படையினர் கழற்றிக்கொண்டு போனார்கள். கடல் தன் கடமையைச் செய்திருந்தது. துணியைத் திருப்பித் தந்திருந்தது. ஆனால் கரை மாற்றித் தந்திருந்தது. அப்படியானால் அக்கரையில் ஒரு வீட்டில், இத்தனை ஆண்டுகளாக, ஒருத்தி இன்னும் தாழிடவில்லை.

வெற்றி என்று எழுதிப் பேழையில் மாட்டுகிறவர்களே, ஒருமுறை அதன் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

அன்று மதியம் அவள் கரைக்குப் போனாள். இறந்துபோன அவள் கணவனின் தம்பி கஸ்பார், படகில் ஐஸ்கட்டியை உடைத்துக் கொட்டிக்கொண்டிருந்தான்.

“கஸ்பாரு, நடுக்கடல்ல அக்கரைக்காரங்களப் பாப்பீயல்லா? பேசுவீயளா?”

“பேச்சு எங்க மைனி? அவன் பாஷ நமக்குத் தெரியாது. அவனுக்கு ஐஸ் தீந்தாக் கையக் காட்டுவான், குடுப்போம். நமக்குப் பீடி தீந்தா வாயில விரல வச்சுக் காட்டுவோம், தருவான். ஆனா அவன் பீடி இருக்கே, ஒரே காட்டம். போருக்கு அது ஒண்ணே போதும்.”

“ஒரு சட்டையக் குடுத்தா வாங்குவானா?”

கஸ்பார் சம்மட்டியைக் கீழே வைத்தான். “எந்தச் சட்டைய?”

அவள் அருங்காட்சியகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் புரிந்துகொண்டான்.

“மைனி, ஊரே அத வச்சுத்தான் பொழைக்கு. நேத்துக்கூட என் பெஞ்சாதி கடலைக்கடை போடணும்னு சொல்லுதா.”

“அவனப் பெத்தவ கதவத் தாழ்போடாமக் காத்துட்டு இருக்காடா.”

ஐஸ் வெயிலில் உருகிப் படகின் அடியில் ஓடியது. “குடுங்க,” என்றான் கஸ்பார். “வாங்குவானா மாட்டானான்னு கடல்ல பாத்துக்கிடுவோம்.”

நேர்வழியில் கேட்டுப் பார்ப்பது என்று அவள் நடனசிகாமணியின் அறைக்குப் போனாள்.

“அரசாங்கச் சொத்தும்மா அது. போரில் எடுத்தது.”

“போர்ல எடுக்கலய்யா. கரையில ஒதுங்குனது.”

“உன் பையனைக் கொன்னவன் சட்டை. அதுக்காக நீ வந்து நிக்கிற.”

“இவன்தான் கொன்னான்னு இவனுக்காவது தெரியுமா ஐயா?”

அவர் மேசைமேலிருந்த காகிதங்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, “சனிக்கிழமை அமைச்சர் வர்றார். அதுவரைக்கும் வாயைத் திறக்காத” என்றார்.

அமைச்சர் வந்தார். மூன்றாம் கூடம் நிரம்பி, வாசற்பீரங்கியின் மேலெல்லாம் ஆட்கள் ஏறி நின்றார்கள். “நம் வீரத்தின் கைப்பிடிக்குள் எதிரி இன்றும் மூச்சுத் திணறுகிறான்!” என்று அவர் முழங்கியபோது கைதட்டல் எழுந்தது. அது அடங்குமுன், பிரகாசியம்மாள் சாவியோடு முன்னே வந்தாள். நிகழ்ச்சியின் அடுத்த பகுதி இதுதான் என்று நினைத்து மறுபடியும் கைதட்டினார்கள். அவள் பேழையைத் திறந்தாள். சட்டையை எடுத்தாள். வெதுவெதுப்பாக, நனைந்து, கனத்தது அது. தோளில் நிமிர்த்திச் சாத்தி, ஒரு கையால் முதுகைத் தாங்கி, கைதட்டலுக்கு நடுவே வெளியே நடந்தாள். கைதட்டல் மெல்ல மெல்லக் குறைந்து, என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் புரியாத மௌனமாயிற்று.

வாயிலில் நடனசிகாமணி கையை விரித்து மறித்தார். “வச்சிரும்மா. சொல்றதைக் கேளு.”

“ஐயா, இளைப்பு வந்த பிள்ள. நிக்க நேரமில்ல.”

சட்டை அவள் தோளில் ஏறி இறங்குவதை அவர் அவ்வளவு அருகில் கண்டார். அவர் கை தாழ்ந்தது. கண்ணில் தூசி விழுந்துவிட்டது, அதனால் அவள் போனதைப் பார்க்கவில்லை என்று பிற்பாடு விசாரணையில் சொன்னார். அவர் சொன்ன பொய்களில் மிக நல்லது அதுவே என்று நினைக்கிறேன்.

சட்டையோடு கடலுக்குப் போன கஸ்பார் மூன்றாம் நாள் திரும்பினான். “ஒரு கிழவன் வாங்குனான் மைனி. ஒண்ணும் சொல்லல. தலைத்துண்ட அவுத்து, அதுல சட்டையச் சுத்தி, மடியில வச்சுக்கிட்டான். ஐஸ் குடுத்தேன், வேண்டாம்னுட்டான்.”

அதன் பிறகு கண்ணாடி தெளிந்தே இருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் வானத்தைப் பார்த்துப் போகவேண்டியதாயிற்று. சுக்குக்காப்பிக் கடை நகர்ந்து பேருந்து நிலையத்துக்குப் போயிற்று. ஊர் அவளை மன்னிக்கவில்லை. “நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா,” என்றார்கள். “எதிரிக்குத் தாய்மாரு இங்கயே இருக்காவ போல,” என்று குழாயடியில் அவள் காதுபடச் சொன்னார்கள். வேலை போயிற்று. வேறொருத்தி வந்து கண்ணாடிகளைத் துடைத்தாள்: ஒரு பேழை காலி, எதிர்ப் பேழை உலர்ந்தது. பிரகாசியம்மாள் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போனாள், மாலையில் வந்து கதவைச் சாத்தினாள், தாழிடாமல் படுத்தாள். தான் செய்தது சரியா என்று அவளுக்குள் ஒரு கேள்வி இருந்தது. பதில் சொல்லத்தான் யாருமில்லை. நல்லதைச் செய்தவருக்கு உடனே கூலி கிடைக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். பல வேளைகளில் கிடைப்பது குழாயடிப் பேச்சுதான். அதற்கும் அப்பால் செய்யவேண்டியதைச் செய்யவேண்டியிருக்கிறது.

அடுத்த ஐப்பசி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு முற்பகலில், கஸ்பார் கரையிலிருந்து நேரே அவள் வீட்டுக்கு வந்தான். கையில் ஐஸ்பெட்டி. கடலில் கட்டியிருந்த லுங்கியைக்கூட மாற்றவில்லை.

“அந்தக் கிழவன் வந்தான் மைனி. நாலு படகு தாண்டி என்னத் தேடி வந்தான்.”

“என்ன சொன்னான்?”

“அவனுக்கென்ன பேசத் தெரியும்? என் படகுல ஏறுனான். சுக்கான் அறைக் கண்ணாடிகிட்டப் போனான். ஹா-ன்னு வாயால ஊதுனான். ஆவி படிஞ்சுது. அதத் தொட்டுக் காட்டிட்டு, கைய அவன் கரைப் பக்கம் நீட்டுனான்.” கஸ்பார் ஐஸ்பெட்டியைத் தரையில் இறக்கினான். “அங்கயும் ஒரு கண்ணாடிக்குள்ள சட்ட இருந்திருக்கு மைனி. இவ்வளவு நாளும் மூச்சு விட்டுக்கிட்டு.”

பெட்டியைத் திறந்தான். அந்தக் கிழவனின் தலைத்துண்டு. அதைப் பிரித்தால், மடித்த ஒரு சட்டை. சாம்பல் நிறம். நம் கடற்படையார் வேலை நேரத்தில் போடுவது. பிரகாசியம்மாள் முகப்பைப் பார்க்கவில்லை. கழுத்துப்பட்டையைத் திருப்பினாள். வெளுத்தாலும் அழியாத சேங்கொட்டை மையில் சலவைக்காரர் போட்ட குறி இருந்தது: ஒரு தூண்டில் முள், பக்கத்தில் ஒரு புள்ளி. அவர்கள் வீட்டுக் குறி. கடைசி விடுப்பில் வந்தபோது அவள்தான் அந்தச் சட்டையைச் சலவைக்குப் போட்டாள். அரசாங்கச் சட்டையில் குறி போட்டுவிட்டார் என்று ரெமிஜியுஸ் குதித்தான். “அம்மா, மேலதிகாரி பாத்தா என்னயத் தூண்டில் போட்டுத் தூக்கிருவாருமா!” என்றான். “கூட்டத்துல தொலஞ்சா அடையாளம் வேணும்லா,” என்று இவள் சிரித்தாள்.

சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. நீளமான, அவசரமில்லாத மூச்சு. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. துணி மெல்லக் குளிர்ந்தது.

“மைனி,” என்றான் கஸ்பார்.

“வெளிய நில்லுய்யா.”

அவன் வெளியே போனான். அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் பல ஆண்டுத் துருவில் இறுகிக் கிடந்தது; இழுத்தாள், அசையவில்லை. அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, விரலால் தொட்டுத் தொட்டு அதன் உடம்பு முழுவதும் தடவினாள், தலைக்கு எண்ணெய் தேய்க்கிற பொறுமையோடு. “கதவுக்கு வெளியிலருந்து ஒரு தட்டு தட்டவா?” என்று கஸ்பார் கேட்டான்.

“வேண்டாம். நானே போட்டுக்கிடுதேன்.”

இடக்கையில் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலக்கையால் இரும்பைப் பிடித்து, தன் எடை முழுவதையும் அதில் சாய்த்தாள். அது முனகியது, நகர்ந்தது, துவாரத்தில் போய் விழுந்தது.

அந்தச் சத்தம் பெரிதொன்றுமில்லை. ஆனால் குழாயடியில் குடம் நிறைந்து வழிய அப்படியே விட்டுவிட்டு ஒருத்தி நிமிர்ந்தாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. கஸ்பாரின் மனைவி வறுத்துக்கொண்டிருந்த கடலையை அடுப்பிலேயே விட்டு வெளியே வந்தாள். கோயிலில் யாரோ கயிற்றை நோக்கி ஓடினார்கள். அவளைப் பேசியவர்களும் பேசாதவர்களுமாகத் தெரு முழுவதும், தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, தாழிட்ட அந்தக் கதவின்முன் வந்து நின்றது. உள்ளே பிரகாசியம்மாள் அழத் தொடங்கினாள்.